2027 மார்ச் 4-க்குப் பிறகு என்ன? உக்ரேனியர்களின் தற்காலிகப் பாதுகாப்பு: கார்டை எப்போது மாற்றலாம், எப்போது மாற்றக் கூடாது

நீலாம்பரி
போரால் வெளியேறிய உக்ரேனியர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கூட்டாகத் தரும் தற்காலிகப் பாதுகாப்பு 2027 மார்ச் 4 வரை நீண்டிருக்கிறது. இன்னொரு நீட்டிப்பு வரும் என்று நம்பிக் காத்திருப்பதா, இப்போதே வேறு அனுமதிக்குத் தாவுவதா? பொத்தாம்பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேராது. ஒரு குடும்பத்தை மாதிரிக்கு வைத்துக்கொள்வோம். தாய்க்கு 46 வயது, பட்டம் பெற்ற கணக்காளர், 2022 மார்ச் முதல் ஜெர்மனியில் பிரிவு 24 கார்டு (அங்கே தற்காலிகப் பாதுகாப்புக்கான வதிவிட அட்டை). மகனுக்கு 20, 2025 செப்டம்பரில் உக்ரைனை விட்டு வெளியே வந்து இப்போது போலந்தில் இருக்கிறான், தாயிடம் வர நினைக்கிறான். தாயின் தங்கை செக் குடியரசில், இரண்டு குழந்தைகள், வேலையில் இருக்கிறார். மூவரும் என்ன செய்ய வேண்டும்?

சட்டப்படி
நாடு நாடாகப் போவதற்கு முன்னால் எது பொது, எது நாட்டுக்கு நாடு மாறுவது என்று பிரித்துக்கொள்வோம். பாதிக் குழப்பம் அங்கேதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சட்டம் 2001 ஜூலை 20-ஆம் தேதிய டைரக்டிவ் 2001/55. போஸ்னியா, கொசோவோ அனுபவத்துக்குப் பிறகு எழுதிய சட்டம். இருபது ஆண்டுக்கு மேல் யாரும் தொடாமல் கிடந்தது. 2022 மார்ச் 4 அன்று கவுன்சில் (ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் அவை) முடிவு 2022/382 மூலம் முதன்முறையாக உயிர் பெற்றது. டைரக்டிவ் என்றாலே குறைந்தபட்சத்தைச் சொல்லிவிட்டு மீதியை நாடுகளிடம் விட்டுவிடுவதுதான். அந்தக் குறைந்தபட்சம் இது: வதிவிட அனுமதி (பிரிவு 8), வேலை செய்யும் உரிமை (12), இருக்க இடம், பிழைக்க உதவி, அவசர மருத்துவம் (13), 18 வயதுக்குட்பட்டவருக்குப் பள்ளி (14). தஞ்ச விண்ணப்பத்தில் வரும் நேர்காணல் இதில் கிடையாது. 'என்னைத் தனியாகக் குறிவைத்தார்கள்' என்று நிரூபிக்க வேண்டாம். 2022 பிப்ரவரி 24-க்கு முன் உக்ரைனில் வசித்தார், அன்றோ அதன் பிறகோ இடம்பெயர்ந்தார், உக்ரேனியக் குடிமகன்: இவ்வளவுதான் பார்க்கப்படும்.

காலவரையறைதான் சிக்கல். பிரிவு 4-ன்படி முதலில் ஓராண்டு. பிறகு ஆறாறு மாதமாகத் தானாக நீண்டு இன்னொரு ஆண்டு. அதன் பிறகும் காரணம் தொடர்ந்தால் கவுன்சில் 'ஓராண்டு வரை' நீட்டலாம். இந்தக் கடைசி ஓராண்டு ஒரே ஒரு முறைதானா, திரும்பத் திரும்பவா என்று வாசகத்தில் தெளிவாக இல்லை. திரும்பத் திரும்ப முடியும் என்ற வாசிப்பை ஐரோப்பிய ஆணையம் (ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு) பிடித்துக்கொண்டது. 2023 அக்டோபர், 2024 ஜூன், 2025 ஜூலை என மூன்று முறை கவுன்சில் நீட்டியாயிற்று. நான்காவது முறை நீட்டச் சட்டம் தடுக்கிறதா என்றால், தடுக்கவில்லை என்றுதான் வாதிடுவார்கள். அரசியல் மனம் இருக்கிறதா என்பது வேறு. 2025 செப்டம்பர் 16 அன்று கவுன்சில் ஏற்ற பரிந்துரை முழுக்க 'இதிலிருந்து வெளியே வருவது எப்படி' என்பதைத்தான் பேசுகிறது: வேறு அனுமதிக்கு மாற்றுங்கள், விரும்புவோர் ஊரைப் போய்ப் பார்த்து வர விடுங்கள், திரும்பிப் போகும் திட்டம் வையுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: நீண்டகால வதிவிட டைரக்டிவ் (2003/109) தற்காலிகப் பாதுகாப்பில் இருப்பவரைத் தன் வரம்புக்கே வெளியே வைக்கிறது. 'ஐந்தாண்டு ஆகிவிட்டது, நிரந்தரம் கொடு' என்று இந்தக் கார்டை நீட்டிக் கேட்க முடியாது. உயர்தகுதி வேலையாட்களுக்கான நீலக் கார்டு டைரக்டிவும் (2021/1883) அப்படித்தான். கொடுக்கும்போது எல்லாவற்றையும் உடனே கொடுக்கும் சட்டம், எதையும் கணக்கில் மட்டும் சேர்க்காது.

ரைன்கரை
தாயின்ர விசயத்துக்கு வாறன். யேர்மனியில பிரிவு 24-இல இருந்து வேற விசாவுக்கு மாற நாட்டை விட்டு வெளிய போகத் தேவையில்லை. ஆனா எல்லாக் கதவும் திறந்திருக்கேல்லை. வதிவிடச் சட்டத்தின்ர பிரிவு 19எஃப், தற்காலிகப் பாதுகாப்பில இருக்கிற ஆளுக்கு நீலக் கார்டும் (18ஜி) படிப்பு விசாவும் (16பி) குடுக்கக் கூடாதெண்டு சொல்லுது. தொழிற்பயிற்சி (16ஏ), தொழில் படிச்சவருக்கான 18ஏ, பட்டதாரிக்கான 18பி திறந்திருக்கு. கணக்காளர், பட்டம் இருக்கு, அப்ப 18பி.

அதுக்கு என்ன வேணும்: முதல்ல பட்டம். வெளிநாட்டுப் பட்டங்களைப் பதிஞ்சு வைச்சிருக்கிற 'அனாபின்' தரவுத்தளத்தில பல்கலைக்கழகம் எச்+ (அங்கீகாரம் உள்ளது) எண்டு இருக்கோணும், பட்டமும் யேர்மன் பட்டத்துக்குச் சமம் எண்டு பதிவாகியிருக்கோணும். ரெண்டையும் அச்சடிச்சுக் கோப்பில வையுங்கோ. இல்லையெண்டா செட்.ஏ.பி. எண்ட பட்ட மதிப்பீட்டு அலுவலகத்திட்டத் தனி மதிப்பீடு எடுக்கோணும், அது 200 யூரோவுக்குக் கொஞ்சம் மேல, நேரமும் இழுக்கும். ரெண்டாவது, வேலை உண்மையிலயே பட்டதாரி அல்லது தொழில் படிச்ச ஆள் செய்யிற வேலையா இருக்கோணும். கடையில பெட்டி அடுக்கிற வேலை ஒப்பந்தம் சரிவராது. மூண்டாவது, முதலாளி 'வேலை உறவு விளக்கம்' எண்ட படிவத்தை நிரப்பித் தரோணும், அதை வைச்சு வேலைவாய்ப்பு முகமை சம்மதம் குடுக்கும். 24-இல வேலை செய்யேக்க இந்தச் சம்மதம் தேவையில்லை, அதால முதலாளி 'ஏன் இப்ப புதுசா?' எண்டு கேப்பார். நாலாவது, யொப்சென்டர் காசு (அரச உதவித்தொகை) ஒரு சதமும் எடுக்காமல் சம்பளத்தில குடும்பம் ஓடோணும்.

இனித்தான் 46 வயசின்ர சிக்கல். 45 தாண்டின பிறகு முதன்முறையா 18ஏ, 18பி கேக்கிற ஆளுக்குச் சம்பளத்துக்கு ஒரு கீழெல்லை இருக்கு: ஓய்வூதியப் பங்களிப்பு உச்சவரம்பின்ர 55 வீதம். 2026-க்கு வருசம் 55,770 யூரோ, வரிக்கு முன்னம். சம்பளக் கணக்குப் பாக்கிற வேலையில கனபேருக்கு இது எட்டாது. மாற்று வழி, முதுமைக்குப் போதுமான ஓய்வூதிய ஏற்பாடு இருக்கெண்டு காட்டுறது. உக்ரேன் ஓய்வூதியம், யேர்மன் ஓய்வூதியக் காப்புறுதியின்ர இதுவரைக்குமான பதிவு, தனியார் காப்புறுதி எல்லாத்தையும் சேர்த்துக் காட்டிப் பாக்கலாம்; அலுவலகத்துக்கு அலுவலகம் பார்வை மாறும்.

கண்ணாயிரம்
அப்படியானால் நீலக் கார்டுச் சம்பளம் வாங்குகிற பொறியாளருக்குக் கூட 18பி-தானா? தலைகீழாக இருக்கிறதே.

ரைன்கரை
ஓம், 24-ஐ வைச்சிருக்கும்வரை அப்பிடித்தான். ஆனா நட்டம் பெரிசில்லை. 18பி-யில மூண்டு வருசம் வேலை செய்து ஓய்வூதியப் பங்களிப்பும் கட்டினா நிரந்தர வதிவிடம் கேக்கலாம். குடியுரிமைக்கும் 24 கார்டோட போகேலாது, சட்டம் அந்தப் பிரிவை எண் சொல்லியே விலக்கியிருக்கு. அதால மாறக்கூடியவை மாறுறதுதான் நல்லது.

முக்கியம்: விண்ணப்பம் குடுக்கேக்க 24-ஐ விட்டுக்குடுக்கிறன் எண்டு ஒரு கடுதாசியிலயும் கையெழுத்து வைக்கக் கூடாது. புதுக் கார்டு கையில வந்த பிறகுதான் பழசு போகோணும். மறுத்தா 24 அப்பிடியே நிக்கும்.

சட்டப்படி
ரைன்கரை சொன்ன கடைசி வரியை ஒட்டி ஒன்று. 'பேசாமல் தஞ்சம் கேட்டுவிடலாமே' என்று சொல்பவர்கள் உண்டு. பிரிவு 17-ன்படி தற்காலிகப் பாதுகாப்பில் இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் தஞ்சம் கேட்கலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் பிரிவு 19, இரண்டு நிலையும் ஒரே நேரத்தில் கிடையாது என்று ஒரு நாடு விதி வைக்க அனுமதிக்கிறது. விண்ணப்பம் விசாரணையில் இருக்கும் மாதங்களில் வேலை உரிமை, தங்குமிடம் எல்லாம் தஞ்சம் கோருபவருக்கு உரிய குறைந்த அளவுக்கு இறங்கக்கூடும். மறுத்துவிட்டால் மீதிக் காலத்துக்குத் தற்காலிகப் பாதுகாப்பு திரும்பக் கிடைக்க வேண்டும், அதையும் அதே பிரிவு சொல்கிறது. நேர்காணலில் வரும் கேள்வி தெரிந்ததே: கிழக்கே கார்கிவ் ஆபத்து, சரி; மேற்கே லிவிவில் போய் ஏன் இருக்க முடியாது? இதற்குத் தனிப்பட்ட பதில் இல்லாதவர் அந்தப் பாதையில் இறங்காமல் இருப்பது நல்லது.

விஸ்துலா
மகன் விஷயம். போலந்தில் பதிவு என்றால் பெசெல் எண் (அந்நாட்டு அடையாள எண்), அதற்குப் பக்கத்தில் மூன்று எழுத்து: யு-கே-ஆர். எல்லாமே அந்த மூன்று எழுத்தில்தான் தொங்குகிறது. 30 நாளுக்கு மேல் போலந்தை விட்டு வெளியே இருந்தால் அது என்-யு-இ என்று மாறிவிடும். எண் அப்படியே இருக்கும், உரிமை போய்விடும். எல்லைக் காவல் படையின் பதிவேடு வெளியேறியதைக் காட்டித் திரும்பி வந்ததைக் காட்டாவிட்டாலும் இதே கதிதான். ஜெர்மனி வழியாகப் போய் வந்தால் ஷெங்கன் நாடுகளுக்கு இடையிலான உள் எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது, 'நான் திரும்பி வந்துவிட்டேன்' என்பதற்குத் தாள் இருக்காது. ரயில் டிக்கெட், போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்தில் யு-கே-ஆரை மீட்கக் கேட்க வேண்டும். தொலைபேசியில் உள்ள 'தியா.பிஎல்' மின்னணு வதிவிட ஆவணம் திடீரென்று செல்லாததாகக் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தங்குமிடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போலந்தில் கூட்டுத் தங்குமிடம் முதல் 120 நாள்தான் இலவசம் என்று 2023 மார்ச்சில் விதி வந்தது. அந்த விதிப்படி அதன் பிறகு செலவில் பாதி கட்ட வேண்டியிருந்தது, நாளைக்கு 40 ஸ்லோட்டி உச்சம். 180 நாளுக்குப் பிறகு முக்கால் பங்கு, 60 ஸ்லோட்டி உச்சம். அயர்லாந்தில் 2024 மார்ச் 14-க்குப் பிறகு வந்தவர்களுக்கு அரசுத் தங்குமிடம் 90 நாள் என்றார்கள், கையில் வாரம் 38.80 யூரோ. ஒரே டைரக்டிவ்தான், ஒரே பிரிவு 13தான்.

யு-கே-ஆர் நிலையிலிருந்து மாறுவோருக்குப் போலந்து தரும் மூன்றாண்டு 'சியுகேஆர்' வதிவிட அட்டை இந்தப் பையனுக்குப் பொருந்தாது. யு-கே-ஆர் நிலை 365 நாள் இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும், 2025 ஜூன் 4 அன்றும் இருந்திருக்க வேண்டும். செப்டம்பரில் வந்தவன் ஜூன் 4 நிபந்தனையிலேயே அடிபடுகிறான்.

நீலாம்பரி
அவன் ஜெர்மனிக்கு வருவதானால்? தாய் அங்கே இருக்கிறார், குடும்ப இணைப்பு என்று கேட்க முடியாதா?

சட்டப்படி
பிரிவு 15 கணவன், மனைவி, திருமணமாகாத மைனர் குழந்தை ஆகியோருக்குத்தான் கட்டாயம். 20 வயது மகன் 'மற்ற நெருங்கிய உறவினர்'. இடப்பெயர்வுக்கு முன் ஒரே வீட்டில் வாழ்ந்து முழுதாகவோ பெரும்பகுதியாகவோ சார்ந்திருந்தால் நாடு அனுமதிக்கலாம். அனுமதிக்கலாம் என்பது, அனுமதிக்காமலும் இருக்கலாம் என்பதே.

அடுத்து, புதிதாக ஜெர்மனியிலேயே பதிவு செய்வது. 2022-இல் நாடுகள் சேர்ந்து, ஓரிடத்தில் பதிந்தவர் வேறு நாட்டுக்குப் போனால் பிரிவு 11-ன்படி திருப்பி எடுக்கும் கடமையைத் தங்களுக்குள் பயன்படுத்துவதில்லை என்று ஒத்துக்கொண்டன. அதனால்தான் மக்கள் விருப்பமான நாட்டுக்குப் போக முடிந்தது. காலப்போக்கில் இறுக்கம் வந்தது. 2025 ஜூலை முடிவு 2025/1460-இன் முன்னுரை, வேறு நாட்டில் ஏற்கெனவே அனுமதி பெற்றவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கும்படி சொல்கிறது.

ப்ராக்_பனி
செக் குடியரசில் 'வேறு நாட்டில் விண்ணப்பித்தாலே ஏற்கத்தகாது' என்று விதி இருந்ததே? அது இன்னும் நிற்கிறதா?

சட்டப்படி
விண்ணப்பித்தது வேறு, பெற்றது வேறு. கிராசிலிவா வழக்கில் (சி-753/23) லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 பிப்ரவரி 27 அன்று இதைத்தான் பிரித்தது. வேறு நாட்டில் விண்ணப்பித்திருக்கிறார், ஆனால் இன்னும் அனுமதி பெறவில்லை என்றால் அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போக வழியும் இருக்க வேண்டும். மகன் போலந்தில் ஏற்கெனவே நிலையைப் பெற்றுவிட்டான், ஆகவே இந்தத் தீர்ப்பு அவனை நேரடியாகக் காப்பாற்றாது. அவன் முதலில் போலந்து நிலையை முடித்து, முடிந்தது என்பதற்கு எழுத்துபூர்வமான சான்று வாங்க வேண்டும். நாடுகள் ஒன்றையொன்று சரிபார்க்க 2022 மே மாதம் முதல் ஆணையத்தின் பொதுப் பதிவுத் தளம் இருக்கிறது. அங்கே போலந்து வரி இன்னும் திறந்தே கிடந்தால் ஜெர்மன் மேசையில் சிவப்புக் குறி விழும்.

முடித்துக்கொண்டு வந்தாலும் 'ஒருமுறை பெற்றவர்தானே' என்று மறுக்கப் பார்ப்பார்கள். அதை எதிர்த்து வாதம் இருக்கிறது, உறுதி இல்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவில் எந்த நிலையும் இல்லாமல் நிற்கும் வாரங்கள்தான் ஆபத்து. பயோமெட்ரிக் பாஸ்போர்ட் இருந்தால் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள் இருக்கலாம், அந்தக் கணக்கில் எத்தனை நாள் மிச்சம் என்று பார்த்துக்கொண்டே முடிக்க வேண்டும்.

விஸ்துலா
அதைவிட, போலந்திலேயே நிலையை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் 16ஏ தொழிற்பயிற்சி ஒப்பந்தம் தேடி, விசாவோடு போவது சுத்தமான வழி. ஆறு மாதம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ரைன்கரை
ஒப்பந்தம் கிடைச்சா அதுதான் நேர்வழி. யேர்மன் மொழியில பி1 (நடுத்தர நிலை) இல்லாமல் ஒரு பட்டறைக்காரனும் எடுக்க மாட்டான், அதை இப்பவே தொடங்கச் சொல்லுங்கோ.

ப்ராக்_பனி
தங்கைக்கு: செக்கில் 'சிறப்பு நீண்டகால வதிவிடம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஐந்தாண்டு. குறைந்தது இரண்டாண்டு தற்காலிகப் பாதுகாப்பில் இருந்திருக்க வேண்டும், மனிதாபிமான உதவித்தொகையில் இருக்கக் கூடாது, குழந்தைகள் பள்ளியில் இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 4,40,000 கொருனா, சார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 1,10,000. இவருக்கு இரண்டு குழந்தைகள், ஆகவே 6,60,000. வரி ஆவணத்தில் தெரியும் வருமானம் மட்டும்தான் கணக்கு. கையில் கொடுக்கும் கூலிக்கு மதிப்பில்லை, பலர் விழுவது அங்கேதான். இரண்டு இடத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர் இரண்டையும் சேர்த்து வரித்தாக்கல் செய்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பதிவு செய்யும் கால இடைவெளி குறுகியது, தவறவிட்டால் அடுத்த சுற்று. வந்த பிறகு திரும்பிப் பார்க்க முடியாது: இந்த அனுமதி கிடைத்ததும் தற்காலிகப் பாதுகாப்பு முடிந்துவிடும்.

கண்ணாயிரம்
நாட்டுக்கு நாடு இவ்வளவு வேறுபாடு என்றால் 'ஐரோப்பியப் பொதுத் தஞ்சக் கொள்கை' என்று ஏன் பெயர்? 2015-இல் சிரியர்கள் வந்தபோது இந்தச் சட்டம் எங்கே போயிற்று? இன்னொன்று: உக்ரைனில் மருத்துவம் படித்த நம் பிள்ளைகளுக்கு இது ஏன் கிடைக்கவில்லை?

சட்டப்படி
மாணவர்களில் தொடங்குகிறேன், அதுதான் சுருக்கம். உக்ரேனியர் அல்லாதவர்களில் அங்கே அகதி நிலை பெற்றிருந்தவர்களுக்கும் குடும்ப உறுப்பினர்களுக்கும் பாதுகாப்பு கட்டாயம். நிரந்தர வதிவிடம் பெற்றிருந்து, சொந்த நாட்டுக்குப் பாதுகாப்பாகத் திரும்ப முடியாதவர்களுக்கும் உண்டு. இந்திய மாணவர்களிடம் இருந்தது தற்காலிக அனுமதி, இந்தியாவுக்குத் திரும்பவும் முடியும். ஆகவே வெளியே. விரும்பும் நாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. நெதர்லாந்து சேர்த்தது, பிறகு விலக்கிக்கொண்டது. வழக்கு லக்சம்பர்க் போனது. 2024 டிசம்பர் 19 அன்று கடூனா தீர்ப்பு: விருப்பத்தின் பேரில் கொடுத்ததை நாடு முன்கூட்டியே நிறுத்தலாம், ஆனால் பாதுகாப்பு சட்டப்படி நடப்பில் இருக்கும்போதே வெளியேற்ற உத்தரவு போட முடியாது.

2015 பற்றி. சட்டத்தை இயக்க ஆணையம் முன்மொழிய வேண்டும், கவுன்சிலில் 55 சதவீத நாடுகள், 65 சதவீத மக்கள்தொகை சேர வேண்டும். 2011-இல் துனிசியா, லிபியா நேரத்தில் இத்தாலியும் மால்டாவும் கேட்டன. நடக்கவில்லை. சிரியாவுக்கும் 2021-இல் ஆப்கானிஸ்தானுக்கும் முன்மொழிவே வரவில்லை. 'பெருந்திரள் வருகை' என்பதற்குச் சட்டத்தில் எண்ணிக்கை கிடையாது, ஆகவே இல்லை என்று சொல்வது எளிது. 2022-இல் நிலைமை வேறு. உக்ரேனியர் விசா இல்லாமல் உள்ளே வர முடியும், தடுக்க வழியில்லை. முதலில் நுழைந்த நாடே தஞ்ச விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டும் என்ற டப்ளின் விதிப்படி விட்டிருந்தால் சுமை எல்லையோர நாடுகள் சிலவற்றின் தலையில் விழுந்து அவற்றின் தஞ்ச அலுவலகங்கள் ஒரே மாதத்தில் முடங்கியிருக்கும். இரக்கம் இருந்தது உண்மை. நிர்வாகக் கணக்கும் இருந்தது. தோலின் நிறமும் மதமும் பங்கு வகித்தன என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன்.

ஒரு வேடிக்கை: 2020-இல் ஆணையம் இந்த டைரக்டிவை ரத்து செய்யவே முன்மொழிந்தது. ரத்தாகியிருந்தால் 2022-இல் கையில் எதுவும் இருந்திருக்காது.

விஸ்துலா
புதிய ஒப்பந்தம் இதைத் தொடுகிறதா?

சட்டப்படி
பக்கவாட்டில். 2024 மே 14 அன்று ஏற்ற இடப்பெயர்வு, தஞ்ச ஒப்பந்தம், 2026 ஜூன் 12 முதல் நடைமுறை. அதில் பெரும்பாலானவை ரெகுலேஷன்கள், அதாவது நாடுகளில் நேரடியாகச் செல்லுபடியாகும். வெளி எல்லையில் 7 நாளுக்குள் முதற்சோதனை. தஞ்சம் கேட்டவர்களில் அது கிடைத்தவர்களின் விகிதம் 20 சதவீதமோ குறைவோ உள்ள நாட்டவருக்கு எல்லையிலேயே 12 வாரத்துக்குள் தஞ்ச விசாரணை. யூரோடாக் என்ற பொதுத் தரவுத்தளத்தில் கைரேகை எடுக்கும் வயது 14 வயதிலிருந்து 6 வயதுக்கு இறங்குகிறது. 2025 ஏப்ரலில் ஆணையம் முன்மொழிந்த 'பாதுகாப்பான தாய்நாடுகள்' பட்டியலில் இந்தியா இருக்கிறது, நம் வாசகர்கள் கவனிக்க.

சுமை பகிர்வுதான் உக்ரைனோடு முட்டும் இடம். ஒரு நாடு தன் பங்குக்கு ஆட்களை ஏற்கலாம், அல்லது ஆளுக்கு 20,000 யூரோ கட்டலாம், அல்லது வேறு உதவி செய்யலாம். சட்டத்தில் உள்ள ஆண்டு அளவு 30,000 பேர். முதல் சுற்றுக்கு 2025 டிசம்பரில் அமைச்சர்கள் 21,000 பேர் அல்லது 42 கோடி யூரோ என்று ஒத்துக்கொண்டார்கள். பெறுபவை சைப்ரஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின். போலந்து, செக், எஸ்டோனியா உட்பட ஆறு நாடுகள் 'கணிசமான சூழல்' என்ற வகையில் வந்து, பங்கில் தள்ளுபடி கேட்கும் உரிமை பெற்றன. மொத்தம் சுமார் 43 லட்சம் பேர் தற்காலிகப் பாதுகாப்பில். ஜெர்மனியில் 12 லட்சம் அளவில், போலந்தில் 10 லட்சத்தை ஒட்டி, செக்கில் 4 லட்சத்தை ஒட்டி. இவர்கள் அனைவரும் ஒரே நாளில் தஞ்ச வரிசைக்கு வந்தால் என்ன ஆகும் என்று எல்லாத் தலைநகருக்கும் தெரியும். நான்காவது நீட்டிப்பை மறுக்கப் பலரும் தயங்குவதற்கு இதுவே காரணம்.

ஆல்ப்ஸ்காரன்
சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, அங்கே 'எஸ்' நிலை, 2022 மார்ச் 12 முதல். யாராவது சகோதரி சூரிச்சில் இருக்கிறார் என்று கேட்டால், 2025 நவம்பர் 1 முதல் புதிதாக விண்ணப்பிப்பவரின் சொந்த ஊர் பார்க்கப்படுகிறது. லிவிவ், வொலின், சகர்பாத்தியா உள்ளிட்ட மேற்கு ஏழு மாகாணத்தவருக்கு 'எஸ்' கிடையாது. கார்கிவ்காரருக்குப் பிரச்சினை இல்லை.

நீலாம்பரி
நன்றி. தாயின் கார்டில் அச்சான தேதி 2024 மார்ச் 4. முதலாளி 'இது காலாவதி' என்கிறார்.

ரைன்கரை
காலாவதி இல்லை. யேர்மனி புதுக் கார்டு அடிக்கிறதில்லை, ஒவ்வொரு முறையும் ஆணை ஒண்டு போட்டு, பெப்ரவரி 1 அண்டைக்குச் செல்லுபடியான 24 கார்டுகள் எல்லாத்தையும் அடுத்த மார்ச் 4 வரை தானா நீட்டுது. அந்த ஆணையின்ர அச்சுப்பிரதியை யேர்மன், ஆங்கிலம் ரெண்டிலயும் பாஸ்போட்டுக்குள்ள மடிச்சு வைக்கோணும். முதலாளியின்ர ஆட்பிரிவுக் கோப்பில ஒண்டு, விமான நிலையத்தில காட்ட ஒண்டு. வெளிநாட்டவர் அலுவலகத்தில போய் 'புதுக் கார்டு தா' எண்டு வரிசையில நிக்கிறது வீண். 18பி-க்கு நேரம் எடுத்தா மட்டும் போங்கோ.

விஸ்துலா
மகனின் பாஸ்போர்ட் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். 18 முதல் 60 வயது ஆண்களுக்கு இராணுவப் பதிவு ஆவணம் சரியாக இல்லாமல் தூதரகம் பாஸ்போர்ட் கொடுக்காது. 2024 ஏப்ரலில் இருந்து இந்த இறுக்கம். உக்ரைன் இராணுவப் பதிவுக்கான 'ரெசர்வ் பிளஸ்' செயலியில் தரவு புதுப்பித்திருக்க வேண்டும். ஊருக்குப் போய்ப் புதுப்பித்து வரலாம் என்றால், வெளியேற அனுமதி 18 முதல் 22 வயதுவரைதான். 23-வது பிறந்தநாள் உக்ரைனுக்குள் இருக்கும்போது வந்துவிட்டால் எல்லையில் திருப்பி அனுப்புவார்கள்.